குளிரில் வாழைத்தார் வெட்டுவது எப்போது? மலையில் வீட்டு வாழை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழனிமலையின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் எங்கள் வீடு. பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே பதினைந்து இருபது வாழை நிற்கிறது. பாதிக்கு மேல் விருப்பாட்சி, கொஞ்சம் சிறுமலை (இரண்டும் மலைவாழை ரகங்கள்), ஆசைக்கு வைத்த செவ்வாழை ஒன்று. ஐப்பசி மழை விட்டதும் தெரிந்தவர்கள் போனில் கேட்க ஆரம்பிப்பார்கள். ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி, ஊருக்கு ஊர் கேள்வி ஒன்றுதான்: "தார் தள்ளி நாலு மாசம் ஆச்சு, வெட்டலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக எழுதிவைத்தது இது.

தார் தள்ளி எத்தனை நாளில் வெட்டலாம்?

இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கீழே தேனியிலோ திருச்சியிலோ இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ரகத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாள். மலையில் அந்தக் கணக்கு எடுபடாது.

காரணம் எளிது. 14 டிகிரிக்குக் கீழே போனால் வாழை வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை டிகிரி கிடைக்கிறதோ அதுதான் அதற்குச் சாப்பாடு. தினமும் வாழைக்கு மார்க் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சராசரி வெப்பத்தில் 14ஐக் கழித்தால் வருவது அன்றைய மார்க். ஏற்றுமதிக்காக முக்கால் விளைச்சலில் வெட்டும் கேவண்டிஷ் ரகத்துக்குத் தார் தள்ளியதிலிருந்து சுமார் 900 முதல் 1,000 மார்க் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சமவெளியில் சராசரி 27 டிகிரி என்றால் நாளுக்கு 13 மார்க், இரண்டரை மாதத்தில் தேறிவிடும். சராசரி 20 டிகிரி உள்ள இடத்தில் நாளுக்கு 6 மார்க்தான், ஐந்து மாதத்துக்கு மேல் இழுக்கும். மார்கழியில் சராசரி 16க்கு இறங்கினால் நாளுக்கு 2 மார்க். கீழே ஒரு நாளில் கிடைப்பதை இங்கே ஒரு வாரம் உட்கார்ந்து சேர்க்கிறது அந்த மரம். மலைவாழைக்கு இந்த எண் அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை, ஆனால் கணக்கின் போக்கு இதுதான். 1,000 மீட்டர் மேலே ஏறினால் 6 டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஆகவே உங்கள் வீடும் மலையடிவாரத்து மச்சான் வீடும் ஒரே நாளில் தார் வெட்டப்போவதில்லை.

எங்கள் தோட்டத்தில் பங்குனியில் தள்ளிய தார் ஐந்து மாதத்தில் வந்திருக்கிறது. ஐப்பசியில் தள்ளியது ஏழரை மாதம் எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே ரகம், ஒரே உரம்.

நாளைப் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது?

காயின் விளிம்பை. மேலேயிருந்து இரண்டாவது சீப்பில், வெளி வரிசையில், நடுவில் இருக்கும் காயைப் பிடியுங்கள். கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டுங்கள். பிஞ்சுக் காயில் பென்சிலைப் பிடித்தாற்போல விளிம்பு விளிம்பாகத் தட்டுப்படும், இரண்டு விளிம்புக்கு நடுவே தோல் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். விளைய விளைய அந்தத் தட்டை நிமிர்ந்து, பிறகு வெளியே புடைக்கும். விரல் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் காய் விளைந்துவிட்டது. வீட்டில் சாப்பிடுவதற்கு அதுவரை பொறுக்கலாம். லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள்தான் முக்கால் விளைச்சலில் வெட்ட வேண்டியிருக்கிறது.

இது எல்லா ரகத்துக்கும் ஒன்றுபோல அல்ல. மொந்தன் பழுத்தாலும் விளிம்போடுதான் இருக்கும். அதை உருண்டையாகும் வரை விடுகிறேன் என்று காத்திருந்தால் வௌவாலுக்குத்தான் லாபம். விருப்பாட்சி, சிறுமலை, பூவன், ரொபஸ்டாவுக்கு விளிம்பு நல்ல சாட்சி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விளைந்த காய் கரும்பச்சை போய் வெளிர்பச்சை ஆகும் என்பது உண்மைதான். ஆனால் குளிர் பட்ட காயும் வெளிறித்தான் தெரியும். காய் நுனியில் காய்ந்திருக்கும் பூ தொட்டதும் உதிர்ந்தால் விளைச்சல் என்பார்கள். மூடுபனியில் அந்தப் பூ காயவே காயாமல் ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதனால் அதுவும் இங்கே அரைச் சாட்சிதான்.

சந்தேகம் தீரவில்லையா, ஒரு காயைப் பலி கொடுங்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பிஞ்சு வெள்ளை வெளேரென்று இருக்கும், கறைப் பால் கெட்டியாகக் கத்தியில் ஒட்டும். விளைந்த காயின் உள்ளே வெண்ணெய் நிறம் ஏறியிருக்கும், நடுவில் லேசான மஞ்சள் தெரியும், பாலும் நீர்த்துப்போயிருக்கும். ஒரு காய் போனால் போகிறது, அவசரப்பட்டால் மொத்தத் தாரும் போகும்.

மார்கழி முழுக்கக் காய் ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. இனி வளராது என்று வெட்டிவிடலாமா?

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். மலைக்கு வந்த புதிது. ஆவணிக் கடைசியில் தள்ளிய தார். நாலு மாதக் கணக்குப் போட்டு, காயும் மூன்று வாரமாக அப்படியே நிற்கிறதே, இதற்கு மேல் என்ன என்று மார்கழிக் கடைசியில் வெட்டிவிட்டேன். ஆறு சீப்பு. சமையலறையில் தொங்கவிட்டேன். பத்து நாள் பச்சையாகவே இருந்தது. இருபதாம் நாள் தோல் சுருங்கியது. அப்புறம் மஞ்சளே ஏறாமல் நேராகக் கறுத்தது. உள்ளே ரப்பர் மாதிரி, இனிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெம்பிய பழம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "விளையாததை வெட்டிப்புட்டு பழுக்கலைன்னா அது யாரு குத்தம் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறு வருடம் பூக்கட்டும் நூல் ஒன்றை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே இரண்டாம் சீப்பு, அதே காய். நடுவயிற்றில் நூலைச் சுற்றி, முனை தொடும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. ஐப்பசியில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று அரிசி அகலம் தள்ளி விழுந்தன. கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும் வரை ஏழெட்டுப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மைக்கறையாகக் குவிந்துவிட்டன. விட்டுவிடலாம் என்று தோன்றிய நேரத்தில், மாசி மூன்றாம் வாரம் ஒரு புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சித்திரை பிறந்து சில நாளில் வெட்டினேன். அந்த நூல் இன்னும் அலமாரியில் கிடக்கிறது, யாராவது மார்கழியில் வெட்டலாமா என்று கேட்டு வந்தால் எடுத்துக் காட்டுவேன்.

காய் நிற்பது விளைந்துவிட்டதால் அல்ல, குளிரில் முடங்கிக் கிடப்பதால். வெயில் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒரு நிபந்தனை: மரத்தில் இலை இருக்க வேண்டும்.

இலை எத்தனை இருந்தால் போதும்?

தார் தள்ளியபின் வாழை ஒரு புது இலைகூட விடாது. அதன் குருத்துத்தான் பூவாக மாறி வெளியே வந்துவிட்டதே. அன்றைக்கு மரத்தில் எத்தனை இலை இருக்கிறதோ அதுதான் கடைசிவரை சொத்து. தார் தள்ளும்போது பத்துப் பன்னிரண்டு நல்ல இலையும், குளிர் முடியும்போது ஆறேழும் பச்சையாக இருந்தால் கவலையில்லை. நாலுக்குக் கீழே வந்துவிட்டால் காய் அதற்கு மேல் பெரிதாகத் திரளாது.

இங்கேதான் பொங்கல் வந்து நிற்கும். "இலை நிறைய இருக்கே, நாலு அறுத்துக்கட்டுமா?" என்று வருகிறவர்களிடம் தார் போட்ட மரத்தைக் காட்டாதீர்கள். இன்னும் தார் தள்ளாத மரத்தில் ஒன்றிரண்டு அறுத்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் இரண்டு வீட்டுச் சம்பந்தம் கெட்டுப்போனது, இருந்தாலும் தார் தேறியது.

இலை எல்லாம் கருகிவிட்டது. இப்போது?

தண்டு பச்சையாகவும் ஒன்றிரண்டு இலை பாதியாவதும் இருந்தால் இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் பயனில்லை. முழுக்கக் கருகிவிட்டால் காத்திருப்பது வீண். ஒரு காயை வெட்டிப் பாருங்கள். முக்கால் உருண்டை வந்திருந்தால் வெட்டிப் பழுக்க வையுங்கள். சுமாரான ருசியில் பழம் கிடைக்கும். அதற்கும் கீழே என்றால் அது வாழைக்காய், பழமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இலை கருகியதும் தாரின் மேல் நேர் வெயில் விழும். குளிர்காலத்துப் பகல் வெயில் மலையில் கடுமையாகவே இருக்கும். காய்ந்த இலைகளை வெட்டி எறியாமல் தாரின் மேல் மடக்கிக் கட்டிவிடுங்கள்.

உறைபனி விழும் என்கிறார்கள். முன்கூட்டியே வெட்டிவிடட்டுமா?

வாழை நல்லபடி வரும் உயரங்களில் உறைபனி அபூர்வம். ஊட்டிப் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் தை முடியும் வரை புல் மேல் வெள்ளையாகப் படியும், அங்கே வாழை வைப்பது ஆசைக்குத்தான். ஆனால் எந்த மலையிலும் குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேட்டு மரம் பிழைக்க, ஓடையோரத்து மரம் கருகிவிடும்.

காய் முக்கால் தாண்டிவிட்டது, நாளை உறைபனி உறுதி என்றால் வெட்டிவிடுங்கள். உறைந்த காயைக் காப்பாற்ற வழி கிடையாது, உருகியதும் உள்ளே நீர்கோத்துக் கூழாகிவிடும். காய் பாதிதான் விளைந்திருந்தால் வெட்டியும் லாபமில்லை. பழைய கம்பளியையோ சாக்கையோ தாரின் மேல் இரவுக்குப் போர்த்திவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். மரத்தடியில் சருகை மூடாக்காகப் போட்டால் கிழங்காவது தப்பும், பக்கக்கன்று மறுபடி வரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, தை முடிந்ததும் போர்வையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

தோல் மங்கலாக, சாம்பல் பூத்த மஞ்சளாகப் பழுக்கிறது. நோயா? சாப்பிடலாமா?

நோயில்லை, குளிரடி. காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் பட்டால், தோலுக்கு அடியில் ஓடும் பால் உறைந்து பழுப்பேறிவிடும். பச்சைக் காயின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இருந்தால் அதுதான். பழுக்கும்போது பளிச்சென்ற மஞ்சள் வராது, அழுக்கு மஞ்சள்தான் வரும். கடைக்காரர் பார்த்தால் விலையில் பாதியை அடித்துவிடுவார்.

காய் விளைந்தபின் குளிரடி பட்டிருந்தால் பழம் சாப்பிடுவதற்கு நன்றாகவே இருக்கும். அடி பலமாகப் பட்டிருந்தால் நடுவில் கெட்டியாக நின்று, பாதி பழுத்தும் பழுக்காமலும் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தோலைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், உரித்துக் கொடுத்தால் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள்.

காய் நுனி கருகி, அதன்மேல் சாம்பல் நிறப் பொடி படர்ந்து, பாதி புகைத்த சுருட்டு மாதிரி இருந்தால் அது வேறு. அது பூஞ்சண நோய், குளிரும் ஈரமும் சேர்ந்த மலைத் தோட்டங்களில் அதிகம். அந்தக் காய்களை அப்போதே கிள்ளி எறியுங்கள். பிஞ்சு விட்ட சில நாளில் நுனிப் பூக்களைக் கையால் உதிர்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தாருக்கு உறை போடலாமா?

போடுங்கள். மலையில் நான் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான். அடி திறந்த நீல பாலித்தீன் உறை உள்ளே கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும், காய் சில நாள் முந்தும், இலை உரசிக் கீறல் விழாது. மேலே காம்பில் கட்டி, கீழே திறந்துவிட வேண்டும். கீழேயும் கட்டினால் மூடுபனி ஈரம் உள்ளேயே தங்கி, மேலே சொன்ன நுனி அழுகலை நீங்களே விலை கொடுத்து வாங்கியது போல.

உறை போடுவதற்கு முன் இரண்டு வேலை. கடைசிச் சீப்பு பிடித்ததும் வாழைப்பூவை ஒடித்துவிடுங்கள், பொரியலுக்கும் ஆயிற்று. குளிருக்குள் மாட்டப்போகிற தார் என்றால் அடியில் இருக்கும் ஒன்றிரண்டு சின்னச் சீப்பையும் எடுத்துவிடுங்கள். எட்டுச் சீப்பு ஒல்லியாக வருவதற்கு ஆறு சீப்பு திரண்டு வரட்டும். மனசு வராதுதான்.

தார் முழுசாக வெளியே வராமல் மரத்தின் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

குளிரில் இலைகள் நெருங்கி, கழுத்துக் குறுகி, தார் பிதுங்கி வெளியே வர வழியில்லாமல் திணறும். சில சமயம் தண்டின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டும் வரும். கத்தியால் கீறி விடுகிறவர்கள் உண்டு. நான் ஒருமுறை செய்து பார்த்தேன், மழைத் தண்ணீர் இறங்கி அழுகியதுதான் மிச்சம். வெளியே வந்த சீப்பு மட்டும் விளையும், மாட்டிக்கொண்டவை விளையாது. அந்தத் தாரிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காமல் முட்டு மட்டும் கொடுத்துவிட்டுக் கன்றைக் கவனியுங்கள்.

மரத்திலேயே பழுக்க விட்டால் ருசி கூடும் என்கிறார்களே?

கீழே வெயில் காலத்தில் அப்படி விட்டால் மேல் சீப்பு வெடித்து எறும்பு மொய்க்கும். குளிர்காலத்தில் பழுப்பதே மெதுவாக நடப்பதால் இங்கே அந்தத் தொல்லை குறைவு. நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். மேல் சீப்பில் ஏதாவது ஒரு காய் மஞ்சள் காட்டியதும் அந்தச் சீப்பை மட்டும் அறுத்து வீட்டுக்குள் கொண்டுபோவேன். வாரம் பத்து நாள் கழித்து அடுத்த சீப்பு. தாரில் மேல் சீப்புதான் மூத்தது, அடிச் சீப்பு கடைக்குட்டி. அவற்றின் வயது வித்தியாசத்தைக் குளிர் இன்னும் நீட்டிவிடும். விற்கிறவர்களுக்கு இது தலைவலி, வீட்டுக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு வசதி. மொத்தமாக வெட்டி, நூறு பழம் ஒரே வாரத்தில் பழுத்து, தெருவெல்லாம் கொடுத்தும் மிஞ்சிப்போகும் கதை இருக்காது.

இதில் ஒரு சிக்கல், பழ வாசனை காட்டுக்குள் போய்விடும். மஞ்சள் தெரிந்த தாரை ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். வௌவால், மரநாய், மலை அணில், காலையில் குரங்கு. எங்கள் பக்கம் காட்டுமாடு வேறு, அதற்குப் பழம் வேண்டாம், கன்றும் தண்டும் போதும். யானை வரும் தடத்தில் வீடு இருப்பவர்கள் தார் முற்றும் வரை வைத்திருப்பதையே யோசிக்க வேண்டும். அங்கே இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் செல்லாது, விளிம்பு முக்கால் வந்ததும் வெட்டி உள்ளே வையுங்கள்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாரைத் தோளில் தாங்க, இன்னொருவர் தண்டில் பாதி உயரத்தில் அரைவாசி வெட்டினால் மரம் மெல்ல மடங்கித் தாரைக் கைக்குக் கொண்டுவரும். காம்பு ஒரு முழமாவது விட்டு வெட்டுங்கள், தூக்கவும் தொங்கவிடவும் அதுதான் பிடி. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வாழைக்கறை போகவே போகாது. குளிரில் காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்தபின் வெட்டுவது நல்லது. ஈரத் தாரில் சின்னக் கீறல் விழுந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். சீப்பு பிரித்தால் வெட்டுவாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுங்கள்.

தண்டை அடியோடு வெட்டாமல் இடுப்பு உயரம் விட்டுவையுங்கள். அதில் இருக்கும் சத்தும் நீரும் கன்றுக்குப் போகும்.

வெட்டி இரண்டு வாரம் ஆகிறது. விளைந்த காய்தான், இருந்தும் பழுக்கவில்லை.

வீடு எத்தனை டிகிரி என்று பாருங்கள். வாழை நன்றாகப் பழுக்க 16 முதல் 20 டிகிரி வேண்டும். மலை வீட்டில் ராத்திரி அடுப்படி தவிர வேறு எங்கும் அது கிடைக்காது. அதனால்தான் இங்கே தாரை விறகடுப்புக்கு மேல் பரணில் தொங்கவிடுவார்கள். சூடும் புகையும் சேர்ந்து வேலை செய்யும். மூட்டம் போடுவது என்பதும் இதே சங்கதிதான். மூடிய அறையில் தாரை அடுக்கிப் புகை பிடித்து வைப்பது. கோடையில் ஒரு நாள் போதும் என்றால் குளிரில் இரண்டு நாள் பிடிக்கும்.

கேஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் அட்டைப்பெட்டி போதும். அடியில் வைக்கோல், அதன்மேல் சீப்புகள், நடுவில் நன்றாகக் கனிந்த பட்டர் ஃப்ரூட் ஒன்றிரண்டு. மலையில் அதற்கா பஞ்சம்? பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ இருந்தாலும் சரி. அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் காய்க்குப் பழுக்கச் சொல்லிக் கொடுக்கும். பெட்டியை மூடிக் கம்பளி போர்த்தி, ஃப்ரிட்ஜின் மேலோ பின்னாலோ, சூடு அடிக்கும் இடத்தில் வையுங்கள். மூன்றாம் நாள் திறந்து காற்றாட விட்டு மறுபடி மூடுங்கள். நிறம் மாற ஆரம்பித்ததும் வெளியே எடுத்துவிடலாம். சூடு நல்லது என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அதிகச் சூட்டில் ரொபஸ்டா மாதிரி ரகம் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே குழைந்துபோகும்.

கார்பைடு கல் வேண்டாம். பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது, வீட்டுப் பழத்துக்கு அது எதற்கு?

பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பழுத்தபின் வைக்கலாம். தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. காயாக வைத்தால் பிறகு பழுக்காது.

விருப்பாட்சியில் தோல் சுருங்கி, கரும்புள்ளி விழுந்துவிட்டது. தூக்கிப்போடவா?

ஐயோ, வேண்டாம். மலைவாழையில் ஈரப்பதம் குறைவு. ரொபஸ்டா கறுத்தால் கூழ், விருப்பாட்சி சற்றுச் சுருங்கினால்தான் எனக்கு வாயில் வைக்கப் பிடிக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடுவதும் இதனால்தான். தண்ணீர் சேர்க்காமல் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காயோடு பிசைந்து வைத்தால் பல நாள் கெடாது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாட்சிக்கும் சிறுமலைக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. முடிக்கொத்து நோய் இந்த மலைகளில் எத்தனையோ தோட்டங்களை அழித்த பிறகும் மிஞ்சிய ரகங்கள் இவை. இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நிற்கும் கன்றைக் கண்டால் குளிர் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள், கிழங்கோடு எடுத்து அழித்துவிடுங்கள். அசுவினிப் பூச்சி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

தேறாத தாரை என்ன செய்வது?

பாதி விளைந்த காய் பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் ஆகும், கொஞ்சம் துவர்க்கும், மோரில் போட்டு வைத்து எடுங்கள். அதற்கும் ஆகாத ஒல்லிக் காய் என்றால் தை பிறக்கும்வரை மரத்தோடு விட்டுவையுங்கள். தையில் கல்யாணம் இல்லாத ஊர் உண்டா? பந்தல் வாசலில் கட்டத் தாரோடு வாழைமரம் கேட்டு யாராவது வருவார்கள். அவர்களுக்குக் காய் விளைந்ததா என்ற கவலை இல்லை, தார் நீளமாகத் தொங்கினால் போதும்.

நான் சிட்னியில் இருக்கிறேன். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர். இதெல்லாம் பொருந்துமா?

மாதத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் பொருந்தும். அங்கே லேடி ஃபிங்கர் என்று விற்கிறார்களே, அது நம் மலைவாழையின் பங்காளி, ஒரே இனக்கூட்டம். உங்கள் பக்கத்து வாழைக்காரர்களிடம் "நவம்பர் டம்ப்" என்று ஒரு பேச்சு உண்டு. நடுக்குளிரில் தண்டுக்குள்ளேயே பூ உருவாகி, நவம்பரில் வெளியே தள்ளும் தார் கோணல் மாணலாக, சீப்பு குறைந்து வரும். அப்படி வந்தால் உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள். அது வயிற்றில் இருக்கும்போதே குளிரில் அடிபட்டது.

அடுத்த முறை தார் குளிரில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

எங்கள் உயரத்தில் கன்று நட்டுப் பூ தள்ள ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில் தார் தள்ளினால், காய் திரளும் மாதங்கள் முழுக்க வெப்பத்தில் போய்விடும், குளிர் இறங்குவதற்குள் வெட்டிவிடலாம். அதனால் சித்திரை, வைகாசியில், கோடை மழை கிடைத்ததும் நடுங்கள். வீட்டில் ஏற்கெனவே மரம் இருந்தால் பக்கக்கன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருகிற எல்லாக் கன்றையும் விட்டுவைத்தால் ஒன்றில்லாவிட்டால் ஒன்று கார்த்திகையில் தள்ளிக்கொண்டு நிற்கும். ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு கிளம்பும் கன்றில் ஒன்றை மட்டும், சித்திரையை ஒட்டி விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கன்று முரண்டு பிடிக்கும், கணக்கு ஒரு மாதம் முன்னே பின்னே போகும். போன வருடம் நான் வைகாசி என்று எதிர்பார்த்த செவ்வாழை புரட்டாசிக் கடைசியில் தள்ளியது. இப்போது உறை போட்டு, பழைய கம்பளி ஒன்றையும் சுற்றி நிற்கிறது. நூலில் இதுவரை நாலு புள்ளி, எல்லாம் ஒரே இடத்தில்.